பத்மா சொன்ன நாலாவது வழி

என் எழுத்து கோணலாக இருக்கும். சில வரிகள் மேலே ஏறும், சில கீழே இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகியவன் நான். இதை எழுத மூன்று நாள் பிடித்தது. ஒவ்வொரு சொல் முடியும்போதும் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

போன ஞாயிறு ஏவன்டேல் சந்தைக்குப் பக்கத்துக் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நின்று எழுத்துக் கூட்டினேன். பத்மா என்று வந்தது. தெரிந்த பெயரை நானே வாசித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியோடு அடுத்த வரிக்குப் போனேன். காலமானார் என்று இருந்தது. நம்பாமல் மறுபடி கூட்டினேன். அதேதான் வந்தது.

பத்மாவை இந்த ஊர்த் தமிழரான உங்களில் பலருக்குத் தெரியும். மலேசியாவிலிருந்து வந்தவர், கணக்காளர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். சனிக்கிழமைகளில் மவுண்ட் வெல்லிங்டன் மண்டபத்தில் இருந்து, யார் கடிதம் கொண்டுவந்தாலும் வாசித்துச் சொல்வார்.

எப்சம் பகுதி வீடுகளில் புல் வெட்டுவது என் தொழில். வீட்டுக்காரர் கையில் தந்த காசெல்லாம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரே முத்திரையோடு உறைகள் வரத் தொடங்கின. அரசாங்கக் கடிதம் என்பது மட்டும் விளங்கியது. எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது என்பது கூட இருக்கும் மகளுக்கும் தெரியாது. கண் பார்வைதான் சரியில்லை என்று அவள் நம்பியிருந்தாள். அவள் பார்க்குமுன் தபால் பெட்டிக்கு ஓடுவேன். உறையைப் பிரிக்காமல் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகுவேன். நாளாக நாளாகப் படம் சுவரை விட்டு முன்னால் சாய்ந்தது. விழுந்துவிடுமோ என்று கண்ணை மூடிக் கும்பிட முடியவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பத்மாவிடம் கொண்டுபோனேன்.

"கண்ணாடியை மறந்துபோனன், பிள்ளை. ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

அவர் முதல் உறையைப் பிரித்தார். மேசையில் திருநீறு கொட்டியது.

"அங்கிள், இது ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. ரெண்டு வருஷமாவா கண்ணாடியத் தேடுறீங்க?"

முழுவதையும் வாசித்துவிட்டுத் தன் மலேசியப் பேச்சில் சொன்னார்: "வரி பாக்கி. பயப்படாதீங்க லா. கட்ட முடியாதவங்களுக்கு மூணு வழி இருக்கு. தவணையா கட்டுறேன்னு கேக்கலாம். சாப்பாட்டுக்கே பத்தலைன்னு காட்டித் தள்ளுபடி கேக்கலாம். ரெண்டும் ஆகலைன்னா திவால். நாலாவது வழி சாமி படத்துக்குப் பின்னால வைக்கிறது. அதுலதான் அபராதம் ஏறிக்கிட்டே போகும்."

வரி அலுவலகத்துக்கு என்னோடு வந்தார். வாரம் எவ்வளவு கட்டலாம் என்று கேட்டார்கள். மானத்துக்காகப் பெரிய தொகையாகச் சொன்னேன். மேசைக்கடியில் பத்மா என் காலை மிதித்தார். பிறகு வாடகை, பெட்ரோல் எல்லாம் எடுத்துச் சொல்லி, சின்னத் தொகைக்கு அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் நான் ஒரு கோடு கிறுக்கினேன். அவர் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டுறது மரியாதை இல்ல அங்கிள், பொய். முடியலைன்னா தவணை நாளுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

அடுத்த சனிக்கிழமை என் முன்னால் ஒரு கொப்பியை வைத்தார். முதல் பக்கத்தில் அ என்று எழுதியிருந்தது. கண்ணாடியைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை.

இப்போது குளிர்காலம். புல் வளரவில்லை, வேலை இல்லை. அடுத்த தவணைக்குக் கையில் ஒன்றும் இல்லை. பத்மாவும் இல்லை. இந்தக் கிழமை வந்த வரி அலுவலக உறையோடு பழையபடி பிள்ளையார் படத்தடிக்குப் போய் நின்றேன்.

வெகுநேரம் நின்றேன். பிறகு அந்த உறையையும், இதுவரை எழுதிய இந்தத் தாள்களையும் மகளிடம் கொடுத்தேன். அவள் இருந்த இடத்திலேயே வாசித்தாள்.

"அப்பா, இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம்."

"எல்லாம் உண்மையோ?"

"ஓம் பிள்ளை. கடனும்."

அவள் உறையைப் பிரித்தாள்.

பத்மாவின் கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் இன்னும் ஆறு பக்கம் வெறுமையாக உள்ளது. அடுத்த கிழமை அதில் ஒன்றைக் கிழித்து, இம்முறை கட்ட முடியாது என்று வரி அலுவலகத்துக்கு நானே எழுதுவேன். மகள் ஆங்கிலத்தில் மாற்றித் தருவாள். தவணை நாள் வியாழன். புதனே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்.