இழுபட்ட மூன்று கொப்பிகள்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய இரண்டாவது புத்தகத்தால் வந்த கேட்டுக்குப் பாதிக் காரணம் அந்தக் கோபம், மற்றப் பாதி என் மண்டைக்கனம். வாடைக்காற்றிலும் கொஞ்சம் பழி போடலாம். போட்டுத்தான் இத்தனை வருடமும் காலந்தள்ளினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், எனக்குப் புளியங்கூடலில் வீடு, கடல் தாண்டி எழுவைதீவில் வாத்தியார் உத்தியோகம். கிழமை முழுக்கத் தீவில் ஒரு அறையில் இருந்து, வெள்ளிக்கிழமை மோட்டர் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போவேன். தீவில் பள்ளிக்கூடம் விட்டால் வேறு வேலை இல்லை. அப்படித்தான் மாயக்கதை எழுதத் தொடங்கினேன். கடலுக்கு அடியில் ஒரு நாடு, அங்கே காற்றுகளை எல்லாம் பானைகளில் அடைத்து வைத்திருக்கும் ஓர் அரசி, அவளிடம் ஒரு காற்றைத் திருடப் போகும் தோணிக்காரன். இந்தியப் பத்திரிகைகளின் வரத்துக் குறைந்திருந்த காலம் அது. வாசிக்க ஏதாவது கிடைக்காதா என்று சனம் ஏங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகக்காரர் முதலாம் பாகத்தைத் துணிந்து போட்டார். அது நன்றாக விற்றுப்போனது. தோணிக்காரன் கடலுக்குள் இறங்கி மறைவதோடு முடித்திருந்தேன். கண்ட கண்ட இடமெல்லாம், "மாஸ்ரர், பேந்து என்ன நடந்தது?" என்று மறித்துக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

இரண்டாம் பாகத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்று பேருக்கு வாசிக்கக் கொடுத்தேன். ஒருவர் ஊர்காவற்றுறையில் இருந்த என் பள்ளிக்கூடக் காலத்துச் சினேகிதன். இன்னொருவர் மண்கும்பானில், வேலையில் இருந்து இளைப்பாறியிருந்த தலைமை வாத்தியார். எதை வாசித்தாலும் பிழை கண்டுபிடிக்கும் மனுசன். மூன்றாவது ஆள், எழுவைதீவிலேயே இருந்த ஒரு மீன்பிடிகாரனின் மனைவி. கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவளுடைய மகள் என் வகுப்பில் இருந்தாள். முதலாம் பாகத்தை அயல் பெண்களைக் கூட்டி வைத்து உரத்து வாசித்துக் காட்டியவள் அவள்தான். எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று அப்படியே வந்து சொல்லுவாள். மற்ற இருவரின் இலக்கிய ஞானத்தைவிட அந்தக் கொட்டாவிக் கணக்கு எனக்கு உதவியது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கொப்பிகளில், ஒன்று முடிய ஒன்றாகத்தான் எழுதினேன். இருந்தது ஒரே பிரதி. ஒரு கொப்பி முடிந்ததும் முதலில் அவள் வாசிப்பாள். பிறகு அதைச் சீலைப்பையில் சுற்றி வள்ளக்காரரிடம் கொடுத்தால் சினேகிதனுக்குப் போகும். அவன் வாசித்து மண்கும்பானுக்கு அனுப்புவான். இரண்டு கொப்பி இப்படிப் போய்வந்தன. இரண்டிலும் கதை ஓட்டமாய் ஓடுகிறது என்றார்கள்.

ஐப்பசிக் கடைசியில் அவளுடைய புருசன் கடலுக்குப் போனான். கூடப் போகிறவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல், இவன் தனியாகப் போனான். மத்தியானம் காற்று மாறியது. மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, இவன் வரவில்லை. நாலு நாள் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை.

சவம் கிடைத்திருந்தால் அழுது முடித்திருப்பாள். அது கிடைக்காததுதான் கொடுமை. மாதம் ஒன்று போனதும் உறவுக்காரர் நெருக்கத் தொடங்கினார்கள். பங்குச் சுவாமியார் தீவுக்கு வரும்போது ஆத்துமத்துக்கு ஒரு பூசை கேள், கறுப்பு உடு, பிள்ளையின் அலுவலைப் பார் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். பூசை கேட்டால் அவன் செத்துப்போனான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவள் எண்ணம். காலையில் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் போய் நிற்பாள். கடைசி வள்ளம் வந்ததும் திரும்பிவிடுவாள். அவன் உடுத்திய சேட்டு ஒன்றைக் கிழமைக்கு ஒருதரம் தோய்த்துக் காயப்போடுவாள், பெட்டிக்குள் கிடந்து மணக்கக் கூடாதாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூட யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததோடு நின்றேனா? இல்லை. மூன்றாம், நான்காம், ஐந்தாம் கொப்பிகளில் அதை எழுதினேன். தோணிக்காரன் கடலுக்கு அடியில் அகப்பட்டுக் கிடக்கிறான், மேலே அவன் மனைவி காத்திருக்கிறாள். கரைக்குப் போகிறாள், திரும்புகிறாள், சேட்டைத் தோய்க்கிறாள். ஒவ்வொரு காற்றையும் மறித்து அவனைக் கண்டாயா என்று கேட்கிறாள். ஒரு பெண்ணின் துயரத்தைக் களவெடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சத்தியமாக, நான் எழுதியவற்றில் நல்லது அந்த மூன்று கொப்பிகள்தான்.

மூன்றாம் கொப்பியை அவளிடம் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவளே மகளை அனுப்பிக் கேட்டு வாங்கினாள். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"என்ரை வீட்டுச் சேட்டைக் கொண்டுபோய் உங்கடை கதையிலை காயப்போட்டிட்டியள், மாஸ்ரர்" என்றாள்.

"பிழையெண்டால் எடுத்துப்போடுறன், பிள்ளை."

"ஐயோ, எடுத்துப்போடாதேங்கோ. இந்த ஊரிலை எனக்கு விசர் எண்டு சொல்லாதது உங்கடை கொப்பி ஒண்டுதான்." பிறகு, "அவன் உயிரோடைதானே இருக்கிறான், கீழை?" என்று கேட்டாள்.

"ஓம், இருக்கிறான்."

அதை நான் கதையைப் பற்றித்தான் சொன்னேன். அவள் எதைப் பற்றிக் கேட்டாள் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அடுத்த இரண்டு கொப்பியையும் வாங்கி வாசித்தாள். கொட்டாவிக் கணக்குச் சொல்வதை விட்டுவிட்டாள். கொப்பியைத் திருப்பித் தரும்போது, "இன்னும் இருக்குத்தானே?" என்று மட்டும் கேட்பாள்.

கார்த்திகை, மார்கழி முழுக்க வாடை அடித்தது. மோட்டர் வள்ளம் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் கிழமைக் கணக்கில் இல்லை. நானே வீட்டுக்குப் போக வழியில்லாமல் தீவில் கிடந்தேன். கொப்பிகளை வசதிப்பட்டபோது அனுப்பினேன். தை பிறந்து கடல் அடங்கியதும் கருத்துகள் வந்தன. சினேகிதன் எழுதியிருந்தான்: "முதல் இரண்டும் குதிரை. மூண்டிலை இருந்து கதை இழுபடுது. நகருதில்லை மச்சான்." மண்கும்பான்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி சொன்னார்:

"தம்பி, உந்தப் பொம்பிளை எத்தினைதரம் கடற்கரைக்குப் போவாள்? நானும் கார்த்திகையிலை இருந்து பாக்கிறன், தை பிறந்திட்டுது, அவள் இன்னும் அங்கைதான் நிக்கிறாள். இரண்டாம் பாகத்திலை படுத்தால் மூண்டாம் பாகத்தை ஆர் வாங்குவான்? அவனைச் சாகடிச்சுப்போடும். அவள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு அரசியோடை சண்டைக்குப் போகட்டும். கதை பறக்கும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உமக்கு எழுத்தைப் பற்றி என்ன கோதாரி தெரியும் என்று கேட்டுவிட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் வந்தேன். ஆனால் அச்சகக்காரரும் கடதாசித் தட்டுப்பாட்டைச் சொல்லி, நடுவில் பக்கங்களைக் குறையும் மாஸ்ரர் என்றார். மூன்று பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. இன்னொன்றும் இருந்தது, அதை மறைத்து என்ன? முதலாம் பாகத்துக்குக் கிடைத்த புகழ் போய்விடுமோ என்று பயந்தேன்.

கோபத்தோடேயே உட்கார்ந்து வெட்டினேன். மூன்று கொப்பி ஒன்றரைப் பக்கமாயிற்று. தோணிக்காரனின் உடல் மறுகரையில் ஒதுங்கியது, அங்குள்ளவர்கள் எடுத்து அடக்கம் செய்தார்கள், செய்தி வந்தது, மனைவி துடுப்பைத் தூக்கினாள். அவ்வளவுதான். மிச்சத்தை இருபது நாளில் எழுதி முடித்தேன். அதற்கிடையில் அவள் ஆறாம் கொப்பி எங்கே என்று இரண்டுதரம் கேட்டனுப்பினாள். எழுதுகிறேன் என்று பொய் சொன்னேன்.

சித்திரையில் புத்தகம் வந்தது. புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளத்துக்கு நின்றபோது சினேகிதன் வந்தான். அச்சகத்தில் வாங்கிய பிரதியை வாசித்து முடித்திருந்தான்.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா அந்தப் பொம்பிளை நிக்கிற இடத்தைத் தேடினனான், காணேல்லை. ஏன் எடுத்தனீர்?"

"நீர்தானே நகருதில்லை எண்டு எழுதினது!"

"அட, மூண்டாம் கொப்பி வந்து நாலாம் கொப்பி வர ஒரு மாசம். ஐஞ்சு வர இன்னும் மூண்டு கிழமை. வள்ளம் ஓடேல்லை. கொப்பி வாறவரைக்கும் அவள் என்ரை மண்டைக்குள்ளை கரையிலை நிண்டவள். இழுபடாமல் என்ன செய்யும்?"

மண்கும்பான் மனுசன் கார்த்திகை முதல் தை வரை என்று சொன்னதும் அதுதானே! மூன்று கொப்பியையும் ஒரே இருப்பில் வாசித்தால் ஒரு பின்னேரம் போதும். வள்ளம் ஓடாத நாட்களை எல்லாம் என் கதையின் குற்றமாக எண்ணி வெட்டியிருக்கிறேன். தீவிலேயே இருந்து, வள்ளத்துக்குக் காத்திராமல் கைக்குக் கை வாங்கி வாசித்தவள் ஒருத்தி. அவள் ஒரு நாளும் இழுபடுகிறது என்று சொல்லவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. மடையன்!

புத்தகக் கட்டை அறைக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அவள் கேட்டால் அச்சு முடியவில்லை என்று சொல்வதாக முடிவெடுத்தேன். ஆனால் பள்ளிக்கூட அலுமாரியில் என் புத்தகம் இருக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்க முடியவில்லை. ஒரு பிரதியை வைத்தேன். என் புத்தி போனது அப்படித்தான். மூன்றாம் நாள் அவளுடைய மகள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போன நேரம், அவள் வந்தாள். கையில் புத்தகம். முகம் கழுவித் தலை வாரி இழுத்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். எந்த ஏச்சையும் வாங்கத் தயாராக இருந்தேன். அவள் ஏசவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும், மாஸ்ரர்?"

"என்ன தெரியும்?"

"மறைக்காதேங்கோ. நான் குழறி அழமாட்டன். கொப்பியிலை அவன் உயிரோடை இருந்தவன். நீங்கள் அக்கரைக்குப் போய்வந்த பிறகு செத்திட்டான். அங்கை ஆரோ சொல்லியிருக்கினம். என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை. அதுதான் எழுதிப்போட்டியள்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? பிள்ளை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கதை ஓடவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள், கடதாசியும் இல்லை, அதனால் உன் புருசனைச் சாகடித்தேன் என்றா? அதைச் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் காறித் துப்பியிருப்பாள், ஆனால் அடுத்த நாள் காலை கரைக்குப் போய் நின்றிருப்பாள். வெட்கம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பேசாமல் நின்றேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"பெரிய உபகாரம், மாஸ்ரர்" என்றாள். "வேறை ஒருதரும் எனக்கு இப்பிடிப் பக்குவமாச் சொல்லியிருக்கமாட்டினம்."

வருகிற சனிக்கிழமை பூசை என்று சொல்லியனுப்பினாள். நான் சைவ சமயக்காரன், வேதக்கோயிலுக்கு வெளியே மர நிழலில் நின்றேன். அவள் கறுப்புச் சேலையோடு வாசலுக்கு வந்து, எல்லோரும் பார்க்க என்னைக் கூட்டிப்போய்த் தன் வீட்டாரோடு முன் வரிசையில் இருத்தினாள். செய்தி கொண்டுவந்தவனுக்கு உரிய இடமாம். சுவாமி இறந்தவனின் பேரை வாசித்தபோது அவனுடைய தமையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுடைய விரல்களுக்குள் என் விரல்கள் கிடந்தன. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பூசை முடிந்து சனம் கலைந்தது. அவள் என்னிடம் வந்தாள்.

"ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, மாஸ்ரர். பேந்து ஒரு நாளும் கேக்கமாட்டன். புத்தகத்திலை போட்டிருக்கிறமாதிரி அவரை எடுத்து மண்ணுக்கை வைச்சவையோ? இல்லாட்டி அதை மட்டும் என்ரை மனம் ஆற எழுதினனீங்களோ?"

தவறைத் திருத்த எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அது. அவளுடைய கண் என் வாயில் இருந்தது.

"வைச்சவை, பிள்ளை" என்றேன். "இந்தியாக் கரையிலை. உங்கடை வேதக்காரர்தான் எடுத்து வைச்சவை. குருசும் நட்டிருக்கினமாம்."

அவள் அப்படியே நிலத்தில் குந்தி, ஐப்பசிக்குப் பிறகு முதல்தரமாக வாய்விட்டு அழுதாள்.