பதினோராவது நட்சத்திரம்

ஆய்வகத்தில் அவளுக்குக் கோட்டக்கா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கோடு அளந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் விழும். இரும்பு அதிகமிருந்தால் இரும்பின் கோடுகள் தடிக்கும். அவற்றைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாக அளப்பதுதான் வேலை. கண் பூத்துப்போகும். கட்டுரையில் பெயர் மட்டும் பேராசிரியர்களுக்கு!

இந்த முறை அப்படியில்லை. பந்துபோலத் திரண்ட ஒரு நட்சத்திரக் கொத்தில் பதினோரு ராட்சத நட்சத்திரங்களை அளந்தாள். பத்தில் இரும்பு ஒரே அளவு, ஒன்றில் மட்டும் மூன்று மடங்கு. ஒன்றாகப் பிறந்த நட்சத்திரங்களுக்குள் அபூர்வமான சங்கதி. பேராசிரியர் துள்ளிக் குதித்தார்.

“அக்கா, என் பேருக்குப் பின்னால உங்க பேரும் வருது!”

வீட்டில் சொன்னதுதான் தாமதம், பஸ் ஓட்டும் கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டான்.

கட்டுரையை அனுப்ப இருந்த அன்று காலை அவளுக்கு என்னவோ உறுத்தியது. ஓடுகிற நட்சத்திரத்தின் கோடுகள் இடம் நகர்ந்து தெரியும். அளப்பதற்கு முன் அவற்றை இழுத்து அட்டவணையோடு பொருத்தி, எவ்வளவு இழுத்தோம் என்று குறித்துவைக்க வேண்டும்; நட்சத்திரத்தின் வேகம் அதில்தான் தெரியும். பழகிய கை அல்லவா, பதினோராவதைக் குறிக்காமலே இழுத்துவிட்டது. மறுபடி திறந்து பார்த்தாள். பத்தும் ஒரே வேகத்தில் போக, இது தன்பாட்டுக்கு வேறு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கொத்தைச் சேர்ந்ததே இல்லை. பார்க்கிற வழியில் குறுக்கே நின்ற யாரோ!

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சொல்லிவிட்டாள்.

பேராசிரியரின் முகம் செத்துப்போயிற்று. “அப்போ சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையேக்கா. பத்தும் ஒரே மாதிரி இருக்குன்னு எழுதினா யாரு படிப்பா?”

“தப்பு என்னோடது சார். என் பேரை எடுத்துடுங்க.”

“பத்தையும் யாரு அளந்தா? நானா?” என்று எரிந்து விழுந்தார் அவர். சாயங்காலம் கிளம்பும்போது, “ஒரு தடவை சரிபாத்துடுங்க” என்று திருத்திய கட்டுரையை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பதினோராவதை எடுத்திருந்தார். தலைப்பும் சப்பென்று மாறியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு பெயர்கள். முதல் பெயர் அவளுடையது.