வருசத்தன்று கூட்டாத வீடு

சித்திரை வெக்கையில், காற்றாடி நிறுத்தப்பட்ட எங்கள் முன்னறையில், தேசிக்காய்ப் புளியும் வார்னிஷும் கலந்து எழுந்த மணம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. பத்து வயதில் அது எனக்குத் தலையிடி. இன்றைக்கோ, தெருவில் எங்காவது வார்னிஷ் மணம் வந்தால் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் நடக்கிறேன்.

திருகோணமலை உட்துறைமுகத்தில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பழைய படகு இருந்தது, கபின் வைத்தது. யுத்தம் முடிந்து ஹோட்டல்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கிய காலம் அது. திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களை ஏற்றிப்போகப் படகு தேடி வந்த ஒரு ஹோட்டல் மனேஜர், எங்கள் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கபின் கதவுக்கு முன்னால் நின்று முகத்தைச் சுளித்தார்.

"ஏறுற ஆள் முதல் கை வைக்கிறதே இந்தக் கதவிலதான், அண்ணை. இதைப் பாத்தால் ஆருக்கு நம்பிக்கை வரும்? சித்திரை வருசம் கழிஞ்ச அடுத்த நாள் திரும்பி வாறன்."

அவரைக் குறை சொல்ல ஏலாது. வெயிலும் உப்பும் தின்று, பழைய வார்னிஷ் கருவாட்டுத் தோல் மாதிரி உரிந்து, மரம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அப்பாவோ ஏற்கெனவே கட்டாருக்கு வேலைக்குப் போகவென்று ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போட்டைக் கொடுத்திருந்தார். படகுக்கு அந்த ஹோட்டல் வேலை கிடைத்தால் எங்களோடு நிற்பார், கிடைக்காவிட்டால் சித்திரை முடியப் பறப்பார். விஷயம் இவ்வளவுதான், அது எனக்கும் தெரிந்திருந்தது.

அப்பா கூட்டிவந்த தச்சர், "உது உக்கிப்போச்சு. எறிஞ்சுபோட்டு ஒரு பிளைவூட் அடியுங்கோ" என்றார். அம்மா தலையிலிருந்த கொண்டையூசியைக் கழற்றி, கதவில் ஐந்தாறு இடத்தில் குத்திப் பார்த்தார். ஊசி இறங்கவில்லை.

"மேல்தோல்தான் போயிருக்கு. நல்ல தேக்கு. இஞ்சாருங்கோ, கழட்டி வீட்டுக்குக் கொண்டுவாங்கோ, நான் பாக்கிறன்."

அம்மாவுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றுமே தெரியாது. ஆனால் குத்துவிளக்கை எப்படித் துலக்குவது என்று தெரியும், அவசரப்படாமல் இருக்கத் தெரியும். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினார். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்தார். பாதி வெட்டிய தேசிக்காயால், எலுமிச்சைச் சாறு வழிய, நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறத்தைப் போக்கினார். பிறகு சாண்ட்பேப்பரால், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாக மட்டுமே, விரல் நுனி தேயத் தேயத் தேய்த்தார். மூன்றாம் நாள் பின்னேரம் அந்தக் கதவு தேன் நிறத்தில் கிடந்ததைப் பார்த்து அப்பா "அட, கடவுளே!" என்று நிலத்திலேயே குந்திவிட்டார். எனக்கு அம்மாவைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது.

முன்னறையில் இரண்டு கதிரைகளின் மேல் கதவைக் கிடத்தி வார்னிஷில் முதல் பூச்சு பூசினார். அதன்பிறகுதான் அந்தப் பிழையை விட்டார். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளிலேயே தன் வீட்டைக் கண்ணாடி போல வைத்திருப்பவர் என்று பெயரெடுத்த மனுசி, பொழுதுபட விளக்கு வைக்கமுதல் வழக்கம்போல வீட்டைக் கூட்டினார். விடிய எழும்பிப் பார்த்தால் கதவு முழுக்கத் தூசி, மயிர், பூனை ரோமம். அம்மா ஒரு சொட்டும் அழவில்லை, எல்லாவற்றையும் மறுபடி தேய்த்து எடுத்தார். எடுத்து முடித்ததும் சட்டம் போட்டார்: இனிக் கதவு ஏறும்வரை இந்த வீட்டில் தும்புத்தடியும் இல்லை, காற்றாடியும் இல்லை.

வருசத்துக்கு ஐந்தே நாள் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒட்டடை தட்டிக் கழுவிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டு மூலைகளில் தூசி உருண்டு கிடந்தது. வருசத்தன்று வேர்த்து வழிய, மூலிகை போட்ட மருத்துநீர் வைத்து முழுகினோம், முற்றத்தில் பொங்கினோம், கூட்டாத வீட்டுக்குள் அடிமேல் அடிவைத்து நடந்தோம். கடைசிப் பூச்சு அன்று காலையில்தான் விழுந்திருந்தது.

பத்து மணிக்கு இறக்கக்கண்டியிலிருந்து அப்பாவின் அக்கா, என் மாமி, வந்து இறங்கினார். மாமியின் வாய் எங்கள் சொந்தம் முழுக்கப் பிரசித்தம். அலுமாரியில் ஒரு விரலை வைத்து இழுத்து, அந்த விரலை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன பிள்ளை, வருசத்தண்டைக்கும் வீடு கூட்டேல்லையோ?"

"ஓம் மச்சாள், கூட்டேல்லை. உங்கட தம்பி கட்டாருக்குப் போகாமல் நிக்கவேணுமெண்டால் இண்டைக்கு இந்த வீடு கூட்டப்படாது."

மாமி கதவைப் பார்த்தார், அம்மாவின் விரல்களைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் படலையடியில் போட்டு, பின்னேரம்வரை அங்கேயே குந்தியிருந்து, வந்தவர்கள் எல்லாரையும் மறித்தார். "உள்ளுக்கு வேலை நடக்குது. பலகாரம் இஞ்ச வரும். மண்ணைக் கிளப்பாமல் நில்லுங்கோ!" அன்றைக்கு மாமியின் வாயை நான் மனதாரக் கும்பிட்டேன்.

அடுத்த நாள் கதவு படகில் ஏறியது. மனேஜர் அதைத் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்து உள்ளங்கையால் தடவினார். "கதவையே இப்பிடி வச்சிருக்கிற ஆள் எஞ்சினைச் சும்மா விட்டிருக்கமாட்டார்" என்றார். அப்பா அந்தக் கையோடு ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது அந்தத் துறையில் நிற்பவை முழுக்கப் பைபர் படகுகள். எங்கள் படகை விற்றாயிற்று. வாங்கியவர் உடைத்துவிட்டதாகக் கேள்வி. அப்பாவும் இறந்துபோய் மூன்று வருடமாகிறது. என்னோடு படித்த பல பேருக்கு அப்பா என்றால் தொலைபேசியில் வரும் ஒரு குரல். எனக்கு அப்பா என்றால், ஒவ்வொரு பின்னேரமும் உப்புக் காய்ந்த ஷேர்ட்டோடு வந்து, குசினிக்குள் தலையை நீட்டி, "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்ட மனிதர்.

போன கிழமை இதை அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லியே என்ர சீவியம் போச்சுது" என்று சலித்துக்கொண்டார். சொல்லிவிட்டுக் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.