பித்தான் எந்தப் பக்கம்

குய்ச்சினின் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்ளப் போனால் முதலில் திட்டு வாங்க வேண்டும். அது கட்டணத்தில் சேர்த்தி. பழைய பாணி அங்கி போட்டு வருகிறவர்களிடம் முப்பத்தைந்து வருடமாக ஒரே சத்தம்தான்: "வலது பக்கம் பித்தான மாட்டுங்க! இடது பக்கம் மாட்ட நீங்க என்ன பொணமா?" செத்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவது. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு மலையூர்களில் நடந்தே தொழில் கற்றவள். தன் கையால் ஒரு படம்கூடத் தப்பானதில்லை என்று அவள் பீற்றிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துவிட்டது.

ஊர் ஆற்றின் கூரைப் பாலத்தை அறுபது வருடத்துக்கு முன்னால் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதை ஓர் ஆணிகூட அடிக்காமல், பழையபடியே மரத்தில் கட்டித்தர பாவோ மேஸ்திரி வந்தார். முதல் பாலம் அவர் தாத்தா கட்டியது. நடுவில் இருந்த லின்ஷுய் அம்மன் சந்நிதி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதில்தான் தகராறு.

"அம்மன் வர்ற தண்ணியப் பாத்துதான் உக்காந்திருந்தா. சின்னப் புள்ளையில தெனம் கும்பிட்டிருக்கேன்," என்றாள் தோஃபு விற்கும் சியோயிங்.

குய்ச்சின் விடவில்லை. மாமனார் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ் தகடு ஒன்றைத் தேடியெடுத்து, ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டுப் பாலத்தருகே நிறுத்தினாள். பழைய பாலத்தின் கிழக்கு வாசலில் நின்று எடுத்த படம். வாசலில் மேஸ்திரியின் தாத்தா. அவருக்குப் பின்னால் சந்நிதி, முகம் இடது பக்கம். இடது என்றால் தண்ணீர் போகிற பக்கம்.

"உன் மூளையும் தோஃபு ஆயிடுச்சா அக்கா? என் படமா பொய் சொல்லும்?"

ஊரே சிரித்தது. சியோயிங் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

உச்சி உத்தரம் ஏற்றுகிற நாள் வந்தது. பதினோரு மணிக்கு முகூர்த்தம். உத்தரத்துக்குச் சிவப்புத் துணி கட்டியாயிற்று. தச்சர்களை அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினாள் குய்ச்சின். மேஸ்திரி தாத்தாவைப் போலவே நீள அங்கியில் வந்திருந்தார்.

"பாத்துக்கோ, வலது பக்கம்தான். உன் வாய்க்குப் பயந்து வீட்லயே ரெண்டு தடவ சரிபாத்துட்டேன்."

சிரித்துக்கொண்டே லென்ஸில் பார்த்தாள். பேரனுக்குப் பித்தான் வலது பக்கம். பின்னால் நிற்கும் தாத்தாவுக்கு இடது பக்கம்.

அடக் கடவுளே! உயிரோடு நிற்கிற மனுஷனுக்கு!

தகட்டைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறாள். படம் முழுக்க இடம் வலமாகிவிட்டது, சந்நிதியும்தான். இத்தனை நாளாக யாரும் பார்க்கவில்லை. இனிமேலும் யார் பார்க்கப் போகிறார்கள்? உத்தரம் ஏறிவிட்டால் தூண்களை மாற்ற முடியாது, அவள் பெயர் பத்திரம். அம்மன்தான் காலாகாலத்துக்கும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாள்.

"உத்தரத்த ஏத்தாதீங்க!" என்று கத்தினாள். "படம் இடவலம் மாறிப்போச்சு, மேஸ்திரி. தாத்தாவோட பித்தானப் பாருங்க. தப்பு பண்ணது நான்தான்."

மேஸ்திரி படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். முகம் சிவந்தது. "எங்க தாத்தாவ நிக்க வெச்சே பொணமாக்கிட்டியே, பாவி! தூண்ல சந்நிதிக்குத் துளையெல்லாம் போட்டாச்சுடி!"

"திட்டுங்க, வாங்கிக்கிறேன். மாத்த முடியுமா? அதச் சொல்லுங்க."

அவர் நிழலைப் பார்த்து மணி கணக்குப் போட்டார். "ஆணியா அடிச்சிருக்கேன், முடியாதுங்கறதுக்கு? ஆப்பத் தட்டுங்கடா. நாலு தூணையும் பக்கம் மாத்திப் போடுங்க."

சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியதும் குய்ச்சின் தோஃபு கடைக்கு நடந்தாள். வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நிற்கட்டுமே. அவர்கள் முன்னால்தானே அன்றைக்குப் பேசினாள்.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. அம்மன் வர்ற தண்ணியத்தான் பாத்திருக்கா. அன்னிக்கு நான் பேசினது தப்பு."

சியோயிங் கத்தியை வைக்காமல் அடுத்த துண்டை வெட்டினாள். "எனக்குத் தெரியாதா?"

"படம் எடுக்கணும். நீங்க நடுவுல நிக்கணும்."

கிழவி நிதானமாகக் கை கழுவினாள். பெட்டியிலிருந்து பழைய நீல அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள்.

"எங்க, பித்தான நீயே மாட்டு. எந்தப் பக்கம்னு இன்னமும் ஞாபகம் இருக்கான்னு பாக்கறேன்."