உட்காராத டீச்சர்

திருவண்ணாமலை டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். பள்ளி விட்டதும் அந்த டீச்சர் பிள்ளைகளோடு ஏறுவார். சீட் காலியாக இருந்தாலும், சாக்பீஸ் படிந்த விரலால் கம்பியைப் பிடித்தபடி நின்றேதான் வருவார்.

"உட்காருங்க டீச்சர்" என்றேன் ஒருநாள்.

"காலனிப் பசங்கள ஊர்க்காரங்க உட்கார விடறதில்லையே. அவங்க உட்கார்ற அன்னிக்கு நானும் உட்கார்றேங்க."

அமெரிக்காவில் பஸ் சீட்டை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண்ணைப் பற்றி அவர் பாடம் நடத்திய அன்று, காலனிப் பிள்ளைகள் முன்சீட்டுகளில் உட்கார்ந்தார்கள். டீச்சரும் உட்கார்ந்தார். ஊர்க்காரர் ஒருவர் போனில் ஏதோ பேசிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த ஸ்டாப்பில் பத்துப் பேர் தடியோடு நின்றிருந்தார்கள்.

"யாரும் எழுந்திருக்காதீங்க, கை ஓங்காதீங்க" என்றார் டீச்சர் பிள்ளைகளிடம்.

இரண்டு விசில் கொடுத்திருந்தால் வண்டி நிற்காமல் போயிருக்கும். நான் ஒன்றுதான் கொடுத்தேன்.