அம்மா படத்தின் கண்கள்

எங்கள் வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எனக்கு நினைவு தெரியும் முன்பே அவள் போய்விட்டதால், எனக்கு அம்மா என்றால் அந்தப் படம்தான். உடம்புக்கு முடியாதிருந்தபோது எடுத்தது என்று சொல்லி வைத்திருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்திருப்பாள். முகம் கொஞ்சம் உப்பியிருக்கும், கைகள் மடியில் கிடக்கும். கண்கள் மட்டும் நன்றாக விழித்திருக்கும். அறையின் எந்த மூலைக்குப் போனாலும் அவை என்னையே பார்க்கும். வீட்டுக்கு வரும் பெண்கள் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். அவர்களுக்குப் பயம், எனக்குப் பெருமை.

வயதுக்கு வந்த பிறகு தாவணி மாற்றுவதும் அந்த அறையில்தான். அம்மா முன்னால் என்ன வெட்கம்? அப்பாவோடு சண்டை போட்டால் அங்கே போய் அழுவேன். அழுது முடித்து நிமிர்ந்தால் அந்தப் பார்வை கொஞ்சம் இளகியிருக்கும். சத்தியமாக.

அறுபதுகளின் கடைசியில், ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட போட்டோ வேண்டியிருந்தது. காரைக்குடியில் எல்லோரும் போகும் ஸ்டூடியோ அன்று பார்த்து பூட்டிக் கிடந்தது. மனுவை மறுநாள் தபாலில் சேர்த்தாக வேண்டும். கோவிலூர் ரோட்டில் இன்னொரு ஸ்டூடியோ உண்டு என்றார்கள்.

"அந்தாளு எழவு வீட்டுக்குப் போயி படம் எடுக்குறவருடி" என்று கூட வந்த அத்தை முனகினாள். நான் கேட்கிற ஆளா? அவள் வாசலோடு நின்றுகொண்டாள்.

உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். கிழவர்கள், ஒரு பள்ளிக்கூடப் பையன், ஒரு கைக்குழந்தை. எல்லோரும் ஒரே குடும்பம் போல இருந்தார்கள். ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனை பேருக்கும் ஒரே கண்கள். அந்தக் கைக்குழந்தைக்குக்கூட. என் அம்மாவின் கண்கள்.

"இங்குட்டுப் பாரு தாயி" என்று கேமராவின் கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுத்தார் போட்டோக்காரர். நரைத்த மனிதர். சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அவர் முகத்தில் இருந்தது.

"இவுகளுக்கெல்லாம் கண்ணு..." என்றேன்.

"எறந்தவுகள உக்கார வச்சு எடுக்குறது தாயி. கண்ணு மூடியிருக்கும். முழிச்சிருக்க மாதிரி வேணும்னு வீட்டுக்காரவுக கேப்பாக. படத்து மேல நான்தான் வரைவேன்."

"யாரப் பாத்து வரைவீக?"

மேசைமேல் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினார். "எங்கூட இங்க வேற யாரு இருக்கா?"

வீட்டுக்கு வந்து, துணி மாற்ற அந்த அறைக்குள் போனேன். தாவணியில் கை வைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. படத்திலும் எதுவும் மாறவில்லை. ஆனாலும் யாரோ ஓர் ஆம்பிளை முன்னால் நின்ற மாதிரிதான் இருந்தது. அந்தக் கண்களை வரைந்தது யார் என்று தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது.

அப்படியென்றால் என் அம்மாவின் கண்கள் எப்படித்தான் இருந்தன? அவளோடு குடும்பம் நடத்தியவர் சொல்லட்டும் என்று அப்பாவிடம் போனேன்.

"அம்மா கண்ணு எப்படிப்பா இருக்கும்?"

அப்பா யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுந்து அந்த அறைக்குப் போய், படத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதே மாதிரிதான்த்தா" என்றார்.