கண் சிமிட்டத் தெரியாதவன்

என் தம்பிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தலை ஒரு பக்கம் சாய்ந்து ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். வலது கை நெஞ்சோடு மடங்கியிருக்கும். இடது கண் முழுதாக மூடாது. பேசுவான். ஆனால் வீட்டாருக்கு மட்டும்தான் அது பேச்சு, வெளியாருக்கு வெறும் சத்தம். அதிலும் பாதி தமிழ், பாதி வங்காளம்.

அப்பா மத்திய அரசு வேலையில் இருந்தவர். கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் இந்த வீட்டை வாங்கியதும் அவர்தான். அவர் போனபின் குடும்பப் பென்ஷன் அம்மாவுக்கு வந்தது. அம்மாவும் போனபின், தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளை என்ற முறையில் தம்பிக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனும் நானும்தான் வீட்டில். அவனைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சோறூட்ட ஓர் ஆயா பகலெல்லாம் இருப்பாள். அவளுடைய சம்பளம், தம்பியின் மருந்து, பிசியோதெரபி எல்லாம் அந்தப் பென்ஷனில்தான் நடந்தன.

பென்ஷன் தொடர வேண்டுமென்றால், ஆண்டுக்கு ஒருமுறை அவன் உயிரோடு இருக்கிறான் என்று காட்ட வேண்டும். லைஃப் சர்டிபிகேட் என்பார்கள். முன்பெல்லாம் அவனை டாக்ஸியில் ஏற்றிக் கரியாஹாட் பக்கம் இருந்த வங்கிக்குக் கொண்டுபோவேன். மேனேஜர் வாசலுக்கு வந்து, டாக்ஸிக்குள் குனிந்து, "கீ தாதா, கேமோன் ஆச்சேன்?" என்று அண்ணன் முறை வைத்து வங்காளத்தில் நலம் விசாரிப்பார். தம்பி சிரிப்பான். ஒரு கட்டைவிரல் ரேகை. வேலை முடிந்தது.

பிறகு எல்லாம் ஃபோனுக்கு மாறியது. செயற்கை நுண்ணறிவு முகத்தைப் பார்த்தே ஆள் யார், உயிரோடு இருக்கிறாரா என்று சொல்லிவிடும், வயதானவர்கள் இனி வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்கள். அது பொய்யில்லை. எதிர் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த, மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் பாட்டி கட்டிலை விட்டு எழாமலேயே காரியத்தை முடித்துவிட்டார். நானும் சந்தோஷமாகத்தான் அந்த ஆப்பை இறக்கினேன்.

திரையில் ஒரு வட்டம். அதற்குள் முகம் வர வேண்டும். ஒரு பெண்குரல் ஹிந்தியில், அசையாதீர்கள், நேராகப் பாருங்கள், இப்போது கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது. யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தம்பி கதவைத் திரும்பிப் பார்த்தான். வட்டம் சிவப்பானது. உயிருள்ள முகம் தென்படவில்லை என்று எழுத்து வந்தது.

சென்னையில் இருக்கும் எங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோவில் வருவாள். தம்பி திரையை நக்காத குறையாக முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு அவளோடு பேசுவான்.

"வெளிச்சத்துல உக்காத்தி வச்சுப் பாருக்கா," என்றாள்.

"பால்கனியிலகூட வச்சுப் பாத்துட்டேன். தலை நிக்க மாட்டேங்குது."

"ஆயாவை விட்டுப் பின்னாலேர்ந்து பிடிச்சுக்கச் சொல்லேன்."

ஆயா அவன் தலையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். நான் ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டினேன். "கண்ணைச் சிமிட்டுடா, கண்ணா. இதோ பாரு, அக்கா மாதிரி." அவன் வாயைத் திறந்தான். கையை ஆட்டினான். அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் எங்களுக்காகச் செய்து காட்டினான். சொன்ன நேரத்தில் கண்ணை மட்டும் சிமிட்ட முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் காலையும் மாலையும் இதுதான் நடந்தது. நாலைந்து நாளில், ஃபோனை நான் கையில் எடுத்தாலே தோளுக்குள் முகத்தைப் புதைக்க ஆரம்பித்தான்.

பிறகு ஒரு செய்தி வந்தது. இன்னொருவர் கை முகத்தை இயக்குவதாகத் தெரிகிறது, இந்தக் கணக்கு சந்தேகத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று. அடுத்த மாதம் பென்ஷன் வரவில்லை.

வாடகைக் காரில் சக்கர நாற்காலியையும் அவனையும் ஏற்றிக்கொண்டு பென்ஷன் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் சரிவுப்பாதை கிடையாது. வாசல் காவலாளியும் டிரைவரும் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். கவுண்டரில் இருந்தவர் சின்ன வயது, மரியாதையான பேச்சு. நாங்கள் வங்காளத்தில்தான் பேசினோம்.

"சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணியிருக்கு மேடம். மோசடியா இருக்கலாம்னு குறி விழுந்திருக்கு."

"ஆளே உங்க எதிர்ல உக்காந்திருக்கான். பாருங்க."

எட்டிப் பார்த்தார். தம்பி அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"பாக்கறேன் மேடம். ஆனா நான் பாக்கறது செல்லாது. நான் பாத்தேன்னு சொல்றதுக்கு என் ஸ்க்ரீன்ல பட்டன் கிடையாது."

"எதனால ரிஜெக்ட் ஆச்சு?"

"அது எனக்குக் காட்டாது."

"வேற யாருக்குக் காட்டும்?"

அவர் பக்கத்து மேஜையைப் பார்த்தார். அங்கிருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "எங்க கேமராவுல ஒரு தடவை எடுத்துப் பாக்கலாமா?" என்று இவரே கேட்டார். உதவ வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கேட்டார்.

கேமராவை அவர் அருகில் கொண்டுவந்ததும் தம்பி அலறினான். அந்த அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தன் இடது கையைத் தானே கடித்துக்கொண்டான். கால்சட்டை நனைந்து நாற்காலிக்கு அடியில் ஈரம் பரவியது. வரிசையில் நின்ற ஓர் அம்மாள் கால்களை நகர்த்திக்கொண்டார். அந்த அதிகாரி ஓடிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். "மன்னிச்சுடுங்க தீதி," என்றார். அதுவரை மேடம் என்றவர், அப்போதுதான் அக்கா என்று கூப்பிட்டார். என் புடவைத் தலைப்பால் தம்பியைத் துடைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

இணையத்தில் மேல்முறையீடு செய்தேன். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், நல்ல வெளிச்சத்தில் மீண்டும் முயலுங்கள் என்று அந்த நொடியே பதில் வந்தது. வேறு வார்த்தைகளில் எழுதினேன். அதே பதில்தான் வந்தது. நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது.

ஆயாவைக் காலையில் மட்டும் வரச் சொன்னேன். பிசியோதெரபியை நிறுத்தினேன். மாலையில் அவனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போயிற்று. அவனுடைய முட்டி மடங்கியபடியே இறுக ஆரம்பித்தது. நீட்டினால் வலியில் முனகுவான்.

ஜாதவ்பூரில் இவனைப் போன்றவர்களுக்காக ஒரு பகல்நேர மையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டபோதுதான் எங்களைப் போல் இன்னும் சில குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. அவர்களில் ஒருவர் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற வங்காளி. மனைவி இல்லை. ஒரே மகள், இவனுக்கு இருக்கும் நோய்தான். மகளுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றதும் ஆயாவை நிறுத்திவிட்டார். அதே சமயத்தில் அவருக்கு இருதய ஆபரேஷன். வேறு வழியில்லாமல் நகரத்துக்கு வெளியே ஓர் இலவசக் காப்பகத்தில் மகளை விட்டிருந்தார்.

"உடம்பு தேறினதும் கூட்டிட்டு வந்துடுவேன்," என்றார். பிறகு, "எனக்கு மெஷின் மேல கோபம் இல்லை. ஆயுசு முழுக்க மெஷினோடதான் வாழ்ந்தேன். அது சரின்னு சொல்லட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. முடியாதுன்னு சொல்றதுக்கு மட்டும் ஒரு மனுஷன் வேணும். அவன் வீட்டுக்கு வந்து பாக்கணும், காரணத்தைச் சொல்லணும், கீழே தன் பேரை எழுதணும். இதைத்தான் கேக்கப்போறேன்," என்றார்.

அதையே மனுவாக எழுதினோம். பல தடவை அலைந்தபின் ஒரு மேலதிகாரி எங்களைச் சந்திக்க ஒத்துக்கொண்டார். பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகிறது என்றார்.

"அந்தச் சிலர் யார் யாருன்னு யாராவது பாத்தீங்களா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"இல்லை. பாக்கலை," என்றார் அவர். மழுப்பாமல் ஒத்துக்கொண்டதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

மென்பொருள் செய்தவர்களில் ஒருவரைச் சுவரிலிருந்த திரையில் அழைத்தார்கள். இளைஞர். அவருடைய இங்கிலீஷைக் கேட்டதுமே தமிழர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தமிழிலேயே கேட்டேன்.

"என் தம்பியை ஏன்பா உயிரில்லாதவன்னு சொல்லுது?"

அவர் திடுக்கிட்டார். "நீங்க தமிழாங்க?" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "செத்துப்போனவங்க ஃபோட்டோவைக் காமிச்சுப் பென்ஷன் வாங்குற ஆளுங்க இருக்காங்கம்மா. ஃபோட்டோவைக் கையில பிடிச்சா ஆடும். கண்ணு மூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மெஷினுக்குக் கத்துக்குடுத்தோம். உங்க தம்பி மாதிரி முகங்களை நாங்க அதுக்குக் காட்டவே இல்லைம்மா."

அதை நான்தான் வங்காளத்தில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. என் தம்பி அந்த இயந்திரத்துக்கு யாரோ கையில் பிடித்து ஆட்டும் ஒரு செத்தவனின் படம். திரையில் இருந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

உத்தரவு வர இன்னும் சில மாதங்கள் ஆயின. இயந்திரம் மறுத்தால் ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதுவரை பணத்தை நிறுத்தக்கூடாது, அவரும் மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று இருந்தது. ஏறக்குறைய எஞ்சினியர் கேட்டபடியே. உடனே அவருக்கு ஃபோன் செய்தேன்.

"நானும் படிச்சேன் தீதி," என்றார். "பொண்ணு போன வாரம் போயிட்டா."

அவளை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். காப்பகத்தில் ஆட்கள் குறைவு. படுத்த நிலையிலேயே ஊட்டியிருக்கிறார்கள். சோறு நுரையீரலில் இறங்கிக் காய்ச்சலாகிவிட்டது. அவர் போய்ச் சேரும்போது நினைவு இல்லை. இதையெல்லாம் அவர் நிதானமாக, யாருடைய வீட்டிலோ நடந்ததைப் போலச் சொன்னார். ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவரும் வைக்கவில்லை. "உங்க தம்பிக்குப் பணம் வந்துடும்ல? அது போதும்," என்றார்.

தம்பிக்கு வந்துவிட்டது. ஆயா பழையபடி முழுநாளும் வருகிறாள். முட்டி மட்டும் நீளவில்லை. இனி நீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீடியோவில் வருவதில்லை. ஃபோனைக் கண்டாலே அவன் உடம்பு விறைத்துப்போகிறது. நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு பேசுகிறேன். "நான் பேசுறது அவனுக்குக் கேக்கட்டும்க்கா, முகம் காட்ட வேண்டாம்," என்று ஒருமுறை சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டோம். அவள் குரல் கேட்டதும் இரண்டு கைகளுக்குள்ளும் முகத்தை மறைக்கப் பார்த்தான். மடங்கிய கை வரவில்லை.

இந்த ஆண்டு லைஃப் சர்டிபிகேட்டுக்காக ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். நடுவயதுப் பெண். புதிய ஆள் என்றதும் தம்பி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். நான் விலக்கப் போனேன்.

"வேண்டாம் தீதி, விடுங்க," என்றார் அவர். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வங்காளத்தில் மெதுவாக, "தாதா, உங்களைப் பாக்கத்தான் வந்திருக்கேன். ஒண்ணும் செய்யமாட்டேன்," என்றார்.

போர்வைக்குள்ளிருந்து, "போ," என்றான்.

"என்ன சொல்றார்?"

"உங்களைப் போகச் சொல்றான்."

அவர் தலையசைத்தார். கொண்டுவந்த தாளில் உயிரோடு இருக்கிறார் என்று எழுதி, தன் பேரைப் போட்டுக் கையெழுத்திட்டு, என்னிடம் நீட்டினார். நான் தேநீர் தருவதாகச் சொன்னேன். "அவர் போகச் சொல்லிட்டாரே," என்று எழுந்துகொண்டார். செருப்பை மாட்டும்போது, "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகும் தம்பி போர்வையை விலக்கவில்லை. ஆயா சோறு பிசைந்து கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துணியின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, முகத்தைப் பார்க்காமலேயே முதல் கவளத்தை உள்ளே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.